கட்டுக்கடங்காமல் போகிறவருக்கு எந்த ஊசி நல்லது?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு 23 வயது. மனச்சிதைவு நோய் என்று ஏற்கெனவே சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று தடவை கட்டுக்கடங்காமல் போய், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்திருக்கிறது. முதல் தடவை ஹாலோபெரிடால் ஊசி மட்டும் போட்டார்கள். மறுநாள் காலையில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கண் மேலே சொருகிவிட்டது. இரண்டாம் தடவை வேறு இடத்தில் இரண்டு மருந்து சேர்த்துப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார், அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாம் தடவை கோவையில் ஒலான்சபின் ஊசி. சீக்கிரமே அடங்கினார், ஆனால் அன்று ராத்திரியே மறுபடி எகிற, இன்னொரு ஊசி தேவைப்பட்டது. "இந்த மூணுல எதுங்க நல்ல ஊசி? முதல்ல போட்டது தப்பு மருந்துங்களா? நல்லது எதுவோ அதை வாங்கி வீட்டுலயே வெச்சுக்கலாமுங்களா?" இதுதான் கேள்வி.

இதற்குள் இரண்டு கவலை இருப்பதாக எனக்குப் படுகிறது. அடுத்த தடவை எதைக் கேட்டு வாங்குவது என்பது ஒன்று. முதல் தடவை நடந்ததில் தம்பிக்கு நிரந்தரமாக ஏதாவது கெட்டுப்போயிருக்குமோ என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படிக் கழுத்து இழுத்துக்கொள்வது பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பக்கவாதமோ வலிப்போ என்று வீட்டில் அலறிவிடுவார்கள். ஆனால் அது ஹாலோபெரிடாலின் தெரிந்த பக்கவிளைவு, சரியான மருந்து போட்டால் அரை மணிக்குள் பெரும்பாலும் விட்டுவிடும், விட்ட பிறகு உடம்பில் எந்தச் சேதத்தையும் வைத்துவிட்டுப் போவதில்லை. உங்கள் தம்பிக்கு அது சரியாகிவிட்டதென்றால் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

நான் ஈரோடு மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் பல வருடம் மனநல மருத்துவராக இருந்தவன். நீங்கள் சொன்ன மூன்று ஊசிகளையும் கணக்கில்லாத தடவை எழுதியிருக்கிறேன். உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை, டிஸ்சார்ஜ் சீட்டும் என் கையில் இல்லை. ஆகவே மருந்துகளைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். அவருக்கு எது என்பதை, அவரைப் பார்க்கும் டாக்டரோடு பேசுவதற்கான விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலோபெரிடால் 1958-ல் பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிறது. அதனால் பயம், சந்தேகம், காதில் கேட்கும் குரல், அதிலிருந்து வரும் ஆவேசம் எல்லாம் தணிகின்றன. தசைகளின் இறுக்கத்தை ஒழுங்கு செய்யும் மூளைப் பகுதியும் அதே டோபமைனை நம்பித்தான் இருக்கிறது. அங்கே டோபமைன் திடீரென்று அடைபட்டதும், அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனம் மிஞ்சிவிடுகிறது. கழுத்து திருகிக்கொள்கிறது, நாக்கு தடிக்கிறது, தாடை இறுகுகிறது, கண் மேலே போய் நிற்கிறது. இளம் வயது ஆண்களுக்குத்தான் இது அதிகம். ஊசி போட்ட முதல் சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் வந்துவிடும். வரும்போது நினைவு தப்பாது. கேட்டால் பதில் சொல்வார், வலிக்கிறது என்பார். வலிப்பிலிருந்து பிரித்துப் பார்க்க இது உதவும். அபூர்வமாகக் குரல்வளைத் தசை இறுகினால் மூச்சு விட முடியாமல் போகலாம். அது ஒன்றுதான் இதில் உண்மையான ஆபத்து. மூச்சில் சத்தம் கேட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆக, முதல் தடவை போட்டது தப்பு மருந்து இல்லை. அதோடு சேர்ந்து போக வேண்டிய துணை மருந்து போகவில்லை. அந்தத் துணைதான் புரோமெத்தசின். கம்பவுண்டர்களும் நர்ஸ்களும் பெனர்கன் என்பார்கள், ஹாலோபெரிடாலைச் செரினேஸ் என்பார்கள். புரோமெத்தசின் பழைய அலர்ஜி மருந்துதான். தூக்கம் தரும், கூடவே அசிட்டைல்கோலினையும் அடக்கும். கழுத்து இழுப்பதை வராமலே தடுக்கிறது, வந்தால் தீர்க்கவும் அதே ஊசிதான். உங்கள் தம்பிக்கு இரண்டாம் தடவை போட்ட இரண்டு மருந்து பெரும்பாலும் இந்த ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். சீட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த ஜோடியைப் பற்றி உலகம் நம்பும் ஆதாரத்தில் ஒரு பெரும்பகுதி நம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவில், அவசரத்துக்கு வந்த நோயாளிகளிடமே இரண்டு ஆய்வுகள் செய்தார்கள். 2004-ல் வெளிவந்த முதல் ஆய்வில் 200 பேர்: பாதிப் பேருக்குப் பதற்றம் தணிக்கும் லோராசிபாம் ஊசி, பாதிப் பேருக்கு ஹாலோபெரிடால்-புரோமெத்தசின். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் 96 சதவீதம் பேர் அடங்கியிருந்தார்கள். ஆனால் ஜோடி மருந்து போட்டவர்கள் சீக்கிரம் அடங்கினார்கள், அதிகம் பேர் தூங்கினார்கள். 2007-ல் வந்த இரண்டாவது ஆய்வில் 300 பேர், ஒலான்சபின் ஊசிக்கும் இதே ஜோடிக்கும் போட்டி. கால் மணி நேரத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். அப்புறம்தான் வித்தியாசம் தெரிந்தது: நான்கு மணி நேரத்துக்குள் கூடுதல் மருந்து தேவைப்பட்டவர்கள் ஒலான்சபின் பக்கம் 43 சதவீதம், ஜோடி பக்கம் 21 சதவீதம். உங்கள் தம்பிக்கு ராத்திரி இன்னொரு ஊசி வேண்டியிருந்தது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அதே 2007-ல் பிரேசிலின் ரியோ நகரில் 316 பேரிடம், தனி ஹாலோபெரிடாலையும் ஜோடியையும் ஒப்பிட்டார்கள். ஜோடி வேகமாக வேலை செய்தது. தனி ஹாலோபெரிடால் போட்டவர்களில் 10 பேருக்குத் தசை இழுத்துக்கொண்டது. ஜோடி பக்கம் ஒருவருக்கும் இல்லை. இந்த அளவுக்குத் தெளிவான முடிவு எங்கள் துறையில் அபூர்வம். புரோமெத்தசின் கையில் இருக்கும்போது ஹாலோபெரிடாலைத் தனியாகப் போட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. கழுத்து ஒரு தடவை இழுத்த உங்கள் தம்பிக்கு இன்னும் அழுத்தமாகவே சொல்வேன்: தனி ஹாலோபெரிடால் வேண்டவே வேண்டாம்.

ஒலான்சபின் மோசமான ஊசி என்று இதற்கு அர்த்தம் இல்லை. கழுத்து இழுப்பது அதில் மிகக் குறைவு. தசையில் போட்டால் 15 முதல் 45 நிமிடத்துக்குள் ரத்தத்தில் உச்ச அளவுக்குப் போகிறது. அந்த உச்சம் அதே அளவு மாத்திரையில் வருவதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. வேகத்துக்குக் காரணம் அதுதான். ஹாலோபெரிடால் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவருக்கு நானும் இதைத்தான் எழுதுவேன். ஒரு கண்டிப்பான எச்சரிக்கை மட்டும்: இதையும் லோராசிபாம் அல்லது அதே வகையான மிடசோலம் ஊசியையும் அடுத்தடுத்துப் போடக் கூடாது. மூச்சு மந்தமாகி, பிரஷர் இறங்கிவிடும். குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். குடித்திருப்பவர் என்றால் இன்னும் ஜாக்கிரதை. முதல் ஆஸ்பத்திரியில் ஏதோ ஊசி போட்டு, அது என்னவென்று தெரியாமல் கோவைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிவைக்கும்போது இந்த ஆபத்து நேரிடுகிறது. எந்த இடத்தில் என்ன போட்டார்கள், எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏற வேண்டும்.

லோராசிபாமுக்கு வருகிறேன். அது மனச்சிதைவைத் தொடாது, பதற்றத்தையும் ஆவேசத்தையும் மட்டும் தணிக்கும். தசை இழுக்காது, இதயத்துக்கும் பாதுகாப்பு. நோய் என்னவென்றே தெரியாத ஆள், அல்லது இதயக் கோளாறு இருப்பவர் என்றால் அதுதான் முதல் தேர்வு. மூச்சைக் கவனிக்க வேண்டும், மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறுகிறவர்களுக்கு இந்த வகை மருந்துதான் மருந்து. விசைத்தறிப் பட்டறையிலிருந்தும் பனியன் கம்பெனியிலிருந்தும் அப்படி வருகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு ஹாலோபெரிடாலை மட்டும் போட்டால் நோய்க்கு மருந்து போடாத கதைதான். வலிப்பு வரும் வாய்ப்பும் கூடிவிடும். மிடசோலம் இன்னும் வேகம், ஆனால் மூச்சுக் கண்காணிப்பு இல்லாத வார்டில் அதை நான் விரும்புவதில்லை. டயசிபாமைத் தசையில் போட்டால் சரியாக உறிஞ்சாது. பழைய குளோர்புரோமசின் ஊசி பிரஷரைக் கவிழ்த்துவிடும், போட்ட இடமும் வலிக்கும். வேறு எதுவும் இல்லாதபோது மட்டும். சுக்லோபென்திக்சால் அசிடேட் என்று ஒன்று உண்டு, இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்பார்கள்; வேலை செய்ய ஆரம்பிக்கவே பல மணி நேரம் ஆவதால் உடனடி அவசரத்துக்கு அது உதவாது.

இதில் சந்தேகத்துக்கு இடமான விஷயங்களும் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். ஹாலோபெரிடால் சிலருக்கு இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும். அதனால் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-ல் கொடுத்த வழிகாட்டலில், ஈசிஜி எடுக்காதவருக்கு அல்லது இதய நோய் உள்ளவருக்கு இந்த ஜோடியைத் தவிர்த்து லோராசிபாம் போடச் சொல்கிறது. நான்கு பேர் பிடித்தும் நிற்காத ஆளுக்கு ஈசிஜி எடுப்பது எப்படி? நடைமுறையில் இளம் வயது, இதய நோய் இல்லை, வேறு மருந்து இல்லை என்றால் ஊசி போட்டு, அடங்கியதும் எடுக்கிறோம். இப்படிச் செய்வது நியாயம் என்பது என் முடிவு. இதை ஏற்காத நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று, ஆய்வுகள் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியைச் சொல்கின்றன. ஒருவருக்குப் போன தடவை எது ஒத்துக்கொண்டது, எது படுத்தியது என்ற தகவலுக்கு அந்தச் சராசரியைவிட நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். உங்கள் தம்பி விஷயத்தில் அந்தத் தகவல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாம் தடவை போட்டதை அடுத்த தடவையும் கேளுங்கள் என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்.

ஆனால் ஊசிக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் எந்த ஊசியும் நல்ல ஊசி ஆகாது. கேஷுவாலிட்டிக்குள் ஒருவரை இழுத்துக்கொண்டு வரும்போது நடப்பதைச் சொல்கிறேன். கையைத் துண்டால் கட்டியிருப்பார்கள். மாமன், மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று ஐந்தாறு பேர். "பெரிய ஊசியாப் போட்டு விடுங்க டாக்டர்" என்று ஒருவர் கத்துவார். அந்த நேரத்தில் நான் முதலில் கேட்பது விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சுகர் பார்க்க. சர்க்கரை தாழ்ந்துபோய் எகிறுகிறவருக்குக் குளூக்கோஸ்தான் மருந்து. காய்ச்சல் இருக்கிறதா, தலையில் அடியா, கடைசியாக எப்போது குடித்தார், பூச்சிமருந்தோ சாணிப் பவுடரோ உள்ளே போயிருக்குமா என்று அடுத்தடுத்துக் கேட்பேன். விவசாய ஊர்களில் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. பூச்சிமருந்து விஷத்தை முறிக்க அட்ரோபின் என்ற மருந்தை ஏற்றிய நோயாளியும் வாய் உலர்ந்து, கண் விரிந்து, காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆவேசமாக இருப்பார். அவருக்குப் புரோமெத்தசின் போட்டால் நிலைமை இன்னும் கெடும், ஏனென்றால் அதுவும் அட்ரோபின் வேலையைத்தான் செய்கிறது. ஊமத்தங்காய் தின்றவர்களுக்கும் இதே கதை.

இதெல்லாம் ஓடும்போதே ஒருவர் மட்டும் நோயாளியிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். கூட்டத்தை வெளியே அனுப்பி, தாழ்ந்த குரலில், "தண்ணி குடிக்கிறீங்களா? ரெண்டு நாளாத் தூங்கலையாமே? தூக்கம் வர மாத்திரை தரட்டுமா?" என்று கேட்டால், கொஞ்சம் பேராவது கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள். வாயில் கரையும் மாத்திரையே போதும், ஊசி தேவைப்படாது. பிடித்துத்தான் போட வேண்டும் என்றால், குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றாதீர்கள். சொந்தக்காரர்கள் பயத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள். நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு நின்று இறந்தவர்கள் உண்டு, அந்தப் பழி அப்புறம் ஊசியின் மேல் விழுகிறது.

ஊசி போட்டதும் எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நோயாளி அடங்கியதே போதும் என்று தோன்றும். முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கொரு முறை நாடி, பிரஷர், மூச்சு, ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். குறட்டை போலச் சத்தம் வந்தால் ஆழ்ந்த தூக்கம் என்று விட்டுவிடாமல் தாடையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். எழுந்ததும் தனியாகக் கழிப்பறைக்கு விடக் கூடாது, தலை சுற்றி விழுவார். அடுத்த சில நாளில் கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் அது வேறு வகை ஆபத்து, அபூர்வம், ஆனால் உயிரை எடுக்கும். அன்றே திரும்பக் கூட்டி வர வேண்டும். உட்கார முடியாமல் ஓயாமல் நடந்துகொண்டே இருந்தால் நோய் கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது மருந்தின் வேலையாக இருக்கலாம். அதற்கு மேலும் ஒரு ஹாலோபெரிடால் போட்டால் அவஸ்தை இரட்டிப்பாகும்.

வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்பதற்குப் பதில், கூடாது. மேலே சொன்ன சுகர், மூச்சு, பிரஷர் எதையும் வீட்டில் பார்க்க முடியாது. புரோமெத்தசினைத் தசையில் ஆழமாகத்தான் போட வேண்டும். தவறி ரத்தக்குழாயில் போனால் விரல்கள் அழுகிப்போன சம்பவங்கள் உண்டு. தெரிந்த கம்பவுண்டரை வரவழைத்துப் போடுவதும் வேண்டாம். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆவது பிரிவுப்படி, அவசரத்தில் எந்தப் பதிவு பெற்ற டாக்டரும், நோயாளியின் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் பேசுபவர், பக்கத்தில் இருந்தால் அவருடைய சம்மதத்தோடு, 72 மணி நேரம் வரை சிகிச்சை கொடுக்கலாம். ஆகவே தாலுகா ஆஸ்பத்திரியிலேயே முதல் ஊசியைப் போட முடியும், மனநல டாக்டர் இருக்கும் இடம் வரை கட்டிப்போட்டுக் கொண்டுபோகத் தேவையில்லை. தம்பி தெளிவாக இருக்கும் நாளில், யார் தன் பிரதிநிதி என்று ஒரு வெள்ளைத்தாளில் அவரே எழுதிக் கையெழுத்துப் போடலாம். சட்டம் அதை ஏற்கிறது.

மாதம் ஒரு தடவை போடும் ஊசியையும் இந்த அவசர ஊசியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஹாலோபெரிடால் டெக்கனோயேட், ஃபுளுஃபெனசின் டெக்கனோயேட் இரண்டும் நல்லெண்ணெயில் கரைத்த மருந்து; தசையில் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எகிறும் நேரத்தில் அதைப் போட்டால் அன்றைக்கு ஒரு பலனும் இருக்காது, பக்கவிளைவு வந்தால் திரும்ப எடுக்கவும் முடியாது. ஆனால் மூன்று தடவையும் மாத்திரையை நிறுத்தியதால்தான் இது நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் அமைதியாக இருக்கும் இப்போதே, மாதாந்திர ஊசி பொருந்துமா என்று அவரையும் கூட்டிக்கொண்டு போய் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். கழுத்து இழுத்த கதையை மறக்காமல் சொல்லுங்கள். பாலிபெரிடோன் போன்ற, அந்தத் தொந்தரவு குறைவான மாதாந்திர ஊசிகளும் இருக்கின்றன, விலைதான் கூட.

ஒரு அட்டையில் அவர் பெயர், வயது, சாப்பிடும் மாத்திரைகள், "தனி ஹாலோபெரிடால் போட்டதில் கழுத்து இழுத்தது", இரண்டாம் தடவை போட்ட மருந்துகளின் பெயரும் அளவும், ஒலான்சபினுக்கு மறு ஊசி தேவைப்பட்டது, குடிப்பழக்கம் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் எழுதி அவர் பர்ஸில் ஒன்று, உங்கள் போனில் படமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆள் கைமீறிப் போனால் 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி ஏறும்போதே அந்த அட்டையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.